விம் எடிட்டரில் எழுத்துப்பிழை சோதனை: தமிழ்ச் சொல் எல்லாம் சிவப்பாகிறது, என்ன செய்வது?

நெல்வயல் கேட்டது:

வணக்கம். மரபு நெல் ரகங்கள் பற்றி ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். உபுண்டுவில் விம், மார்க்டவுன் கோப்பு (தலைப்பு, தடித்த எழுத்து எல்லாம் எளிய குறிகளால் காட்டும் உரைக்கோப்பு). ஒவ்வொரு ரகத்தின் பெயரும் முதலில் தமிழ் எழுத்தில் வரும், பக்கத்தில் ஆங்கில எழுத்தில்: மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார், தூயமல்லி என்று. சோதனையைத் தொடங்க :செட் ஸ்பெல் கொடுத்த உடனே பக்கம் முழுக்கச் சிவப்பு. அடுத்த பிழைக்குத் தாவ ]எஸ் அழுத்தினால் தமிழ்ச் சொல் ஒவ்வொன்றிலும் நின்று நின்று போகிறது. உண்மையான ஆங்கிலப் பிழை அதற்குள் எங்கோ ஒளிந்துகொள்கிறது.

இன்னொரு சிக்கல். எங்களுக்கு பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல்தான் வேண்டும். ஆனால் 'கலர்' என்பதை யு இல்லாமல் அமெரிக்க வழக்கில் எழுதினாலும் விம் ஒன்றும் சொல்வதில்லை. வேறு மென்பொருளுக்கு மாறச் சொல்லாதீர்கள், கோப்புகள் எல்லாம் கிட் என்ற, மாற்றங்களைப் பதிந்து பகிரும் மென்பொருளில் இருக்கின்றன, நான்கு பேர் சேர்ந்து எழுதுகிறோம்.

ஓலைச்சுவடி:

இரண்டாவது சிக்கல் சுலபமானது, அதை முதலில் முடித்துவிடலாம். எந்த மொழியில் சோதிக்க வேண்டும் என்று சொல்லும் ஸ்பெல்லாங் என்ற அமைப்பு உங்களிடம் வெறும் இஎன் (ஆங்கிலம்) என்று இருக்கும். அப்படி இருந்தால் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என ஐந்து நாட்டு வழக்கையும் விம் சரி என்றே எடுத்துக்கொள்ளும். :செட்லோக்கல் ஸ்பெல்லாங்=இஎன்_ஜிபி என்று கொடுங்கள். அப்புறம் அமெரிக்க வழக்குச் சொற்கள் தனி நிறத்தில் தெரியும். வண்ணத் திட்டம் எதையும் மாற்றாமல் இருந்தால் சிவப்பு என்பது பிழை, நீலம் என்பது வாக்கியத் தொடக்கத்தில் பெரிய எழுத்து இல்லை, வெளிர்நீலம் என்பது வேறு நாட்டு வழக்கு, மெஜந்தா என்பது அரிய சொல். ]எஸ் இவை எல்லாவற்றிலும் நிற்கும். பெரிய எஸ் போட்டால் உண்மையான பிழைகளில் மட்டும் நிற்கும், ஆனால் அது அமெரிக்க வழக்கைத் தாண்டிப் போய்விடும் என்பதால் உங்களுக்குச் சிறிய எஸ்தான் சரி.

தமிழ் ஏன் சிவப்பாகிறது என்றால், விம் தமிழ் எழுத்தையும் சொல்லின் எழுத்தாகவே பார்க்கிறது. ஆங்கிலப் பட்டியலில் தேடுகிறது, இல்லை, பிழை என்கிறது. சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துகளை விட்டுவிட ஸ்பெல்லாங்கில் சிஜேகே என்று சேர்த்தால் போதும். தமிழுக்கு அப்படி ஒன்று இல்லை, நாம்தான் சொல்ல வேண்டும்.

வீட்டு அடைவில் .விம் என்பதற்குள் ஆஃப்டர், அதற்குள் சின்டாக்ஸ் என்று அடைவுகள் போட்டு, மார்க்டவுன்.விம் என்ற கோப்பில் இந்த ஒரு வரியை எழுதுங்கள். உச்சரிப்பில் தருகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில்:

சின்டாக்ஸ் மேட்ச் தமிழ்பகுதி /[\யு0பி80-\யு0பிஎஃப்எஃப்]\+/ கன்டெயின்ஸ்=@நோஸ்பெல் கன்டெயின்டுஇன்=ஆல்

0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்கள். நோஸ்பெல்லில் என், எஸ் இரண்டும் பெரிய எழுத்து, ஆல் முழுவதும் பெரிய எழுத்து. அந்தக் கடைசித் துண்டை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் சாதாரணப் பத்தியில் சரியாகும், தலைப்புக்குள்ளும் தடித்த எழுத்துக்குள்ளும் சிவப்பு அப்படியே இருக்கும்.

தட்டச்சுமேசை:

தமிழைச் சோதிக்காமல் விடுவதற்குப் பதில் தமிழ் அகராதியையே கொடுத்துவிடலாமே? ஹன்ஸ்பெல் என்ற எழுத்துப்பிழை சோதிப்பானின் தமிழ் அகராதிக் கோப்புகளை, அதாவது .அஃப், .டிக் இரண்டையும், எடுத்து :எம்கேஸ்பெல் கொடுத்தால் விம்முக்கான .எஸ்பிஎல் கோப்பு உருவாகும். பிறகு ஸ்பெல்லாங்=இஎன்_ஜிபி,டிஏ.

ஓலைச்சுவடி:

முடியும், ஆனால் இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். வீடு, வீட்டில், வீட்டிலிருந்து, வீட்டிலிருந்துதான், வீட்டிலிருந்துதானே என்று ஒரே சொல் நீண்டுகொண்டே போகும். விதிகள் எங்கே நிற்கின்றனவோ அதற்கு மேல் சரியான சொல்லும் சிவப்புதான். சந்தி இன்னும் கடினம். 'அதைச்' என்பதும் 'அதைப்' என்பதும் அடுத்து வரும் சொல்லைப் பொறுத்துத்தான் சரியா தவறா என்று தெரியும். விம் ஒவ்வொரு சொல்லாகத்தான் பட்டியலில் தேடுகிறது, அடுத்த சொல்லின் முதல் எழுத்தைப் பார்த்து ஒற்றைத் தீர்மானிக்காது. தமிழில் நாம் அதிகம் தடுமாறும் இடமே ஒற்றுதான், அங்கே இது கைகொடுக்காது. முழுத் தமிழ்க் கட்டுரை எழுதுகிறவர் முயன்று பார்க்கலாம், அப்பட்டமான தட்டச்சுப் பிழைகளாவது சிக்கும். ஆங்கில அறிக்கைக்குள் வரும் பெயர்களுக்கு அது தேவையில்லை.

நெல்வயல்:

மிக்க நன்றி. தமிழ்ச் சிவப்பு போய்விட்டது, அமெரிக்க வழக்கும் பிடிபடுகிறது. இப்போது மிச்சம் இருப்பது ஆங்கில எழுத்தில் உள்ள ரகப் பெயர்கள். காட்டுயானத்தை ஒருவர் ஒற்றை ஏ போட்டு எழுதுகிறார், இன்னொருவர் இரட்டை ஏ. இரண்டுமே சிவப்பு. எல்லாவற்றையும் இசட்ஜி (சொல்லைச் 'சரி' என்று பட்டியலில் சேர்க்கும் கட்டளை) போட்டுச் சேர்த்துவிடலாமா?

ஓலைச்சுவடி:

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நீங்கள் கேட்டதிலேயே முக்கியமானது இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இரண்டு வடிவத்தையும் சேர்த்தால் சிவப்பு மறையும், குழப்பம் அறிக்கையில் தங்கிவிடும். நாளைக்கு ஒருவர் கோப்பில் தேடும்போது பாதி இடங்கள்தான் கிடைக்கும். முதலில் நால்வரும் உட்கார்ந்து ஒரு ரகத்துக்கு ஒரே எழுத்துக்கூட்டல் என்று முடிவு செய்யுங்கள். முடிவான வடிவத்தின் மேல் இசட்ஜி. கைவிட்ட வடிவத்தின் மேல் இசட்டபிள்யூ, அது 'இது தவறு' என்று பட்டியலிலேயே எழுதிவைக்கும். சிவப்பாக இருப்பதை எதற்கு மறுபடி தவறு என்று குறிக்க வேண்டும் என்று தோன்றும். நால்வரில் ஒருவருடைய சொந்தப் பட்டியலில் அந்த வடிவம் 'சரி' என்று ஏற்கனவே இருக்கலாம். அதோடு, கோப்பைத் திறந்து பார்ப்பவருக்கு இது யோசித்து ஒதுக்கியது என்று புரியும்.

சேர்க்கும்போது முதல் எழுத்து பெரிய எழுத்தாக இருக்கட்டும். பூங்காரைச் சிறிய பி-யில் சேர்த்தால் இரண்டு விதமும் செல்லும். பெரிய பி-யில் சேர்த்தால் சிறிய பி-யில் எழுதியதை விம் பிழை என்று காட்டும். இசட்ஜி தவறிப் பட்டுவிட்டால் இசட்யுஜி அதைத் திருப்பிவிடும்.

பழைய வடிவங்களை மாற்ற, ஒன்றின் மேல் இசட்= அழுத்திப் பட்டியலில் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். உடனே :ஸ்பெல்ரெப்பால் கொடுத்தால் திறந்திருக்கும் கோப்பு முழுவதும் அதே மாற்றம் நடக்கும். எழுதும்போதே திருத்த வேண்டுமானால் கன்ட்ரோல் எக்ஸ், பிறகு கன்ட்ரோலை விட்டுவிட்டு எஸ். சில டெர்மினல்களில் கன்ட்ரோல் எஸ் திரையை உறையவைத்துவிடும், அப்படி ஆனால் கன்ட்ரோல் கியூ.

பம்புசெட்:

ஒரு குறுக்குக் கேள்வி. எங்கள் சர்வரில் :செட் ஸ்பெல் என்றாலே பிழைச் செய்திதான் வருகிறது. ஏன்?

தட்டச்சுமேசை:

:வெர்ஷன் கொடுத்து ஸ்பெல் என்பதற்கு முன் கூட்டல் குறியா கழித்தல் குறியா பாருங்கள். கழித்தல் என்றால் அது பெரும்பாலும் விம்-டைனி என்ற சுருக்கப் பதிப்பு, அதில் இந்த வசதியே கிடையாது. முழு விம் தொகுப்பை நிறுவினால் சரியாகிவிடும்.

நெல்வயல்:

அருமை, பெயர்களை இன்று மாலை பேசி முடிவு செய்கிறோம். கடைசியாக ஒன்று: அந்தப் பட்டியல் நால்வருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். என் சொந்தச் சொற்கள் அதில் கலக்கக் கூடாது.

ஓலைச்சுவடி:

சேர்க்கும் சொற்கள் எந்தக் கோப்பில் போக வேண்டும் என்று சொல்லும் ஸ்பெல்ஃபைல் அமைப்பில் கமா போட்டு இரண்டு கோப்புகளைத் தரலாம். முதலாவது உங்கள் சொந்தக் கோப்பு, இரண்டாவது கிட்டில் உள்ள அறிக்கையின் கோப்பு. பெயர் கட்டாயம் .யுடிஎஃப்-8.ஆட் என்று முடிய வேண்டும், 'நெல்.யுடிஎஃப்-8.ஆட்' மாதிரி. வெறும் இசட்ஜி முதல் கோப்பில் சேர்க்கும். 2இசட்ஜி இரண்டாவதில் சேர்க்கும், 2இசட்டபிள்யூவும் அப்படியே.

.ஆட் கோப்பை மட்டும் கிட்டில் வையுங்கள். அதிலிருந்து விம் உருவாக்கும் .எஸ்பிஎல் கோப்பைக் கிட்இக்னோரில் (கிட் கண்டுகொள்ளக் கூடாதவற்றின் பட்டியல்) போடுங்கள், அது பைனரி, இரண்டு பேர் மாற்றினால் இணைக்க முடியாது. விம் படிப்பது அந்த .எஸ்பிஎல்லைத்தான். அதனால் மற்றவர் சேர்த்த சொற்களைக் கிட் புல் செய்து வாங்கிய பிறகு, :எம்கேஸ்பெல்! என்று ஆச்சரியக்குறியோடு தட்டி .ஆட் கோப்பின் பெயரைக் கொடுங்கள். இல்லாவிட்டால் புதிதாக ஒப்புக்கொண்ட பெயர்களும் உங்கள் திரையில் சிவப்பாகவே நிற்கும்.