நோர்வே மொழியின் ‘ரைசெஃபேபர்’: சொற்பிறப்பு

கேள்வி:
நோர்வே மொழியில் ‘ரைசெ’ என்றால் பயணம், ‘ஃபேபர்’ என்றால் காய்ச்சல். இவ்விரண்டும் சேர்ந்த ‘ரைசெஃபேபர்’ என்ற கூட்டுச்சொல் பயண வேட்கையைக் குறிக்கிறதா? இதன் பகுதிகள் நோர்வே மொழியின் மூதாதையான பழைய நோர்ஸ் மொழியிலிருந்து வந்தவையா?

மறுமொழி 1:
வேட்கை அன்று. பெட்டி கட்டி முடித்த பின்னும் கடவுச்சீட்டை நான்காம் முறை தொட்டுப் பார்க்க வைக்கும் அந்தப் படபடப்புக்குத்தான் இப்பெயர். ‘ஃபேபர்’ இலத்தீனின் ‘ஃபெப்ரிஸ்’ என்பதிலிருந்து வந்தது.

மறுமொழி 2:
‘ரைசெ’ எனக்கு மிகவும் பிடித்த சொல். நிமிர்த்துதல், எழுப்புதல் என்ற பொருளுடைய ‘ரைசெ’ என்னும் வினை பழைய நோர்ஸின் ‘ரெய்சா’விலிருந்து நேரே வந்தது; பயணத்தைக் குறிக்கும் ‘ரைசெ’யோ, பெர்கன் போன்ற துறைமுகங்களில் ஹன்சா என்னும் வட ஜெர்மானிய வணிகக் கூட்டமைப்பின் வணிகர் பேசிய கீழ் ஜெர்மன் (வட ஜெர்மனியின் மொழி) மொழியிலிருந்து பெறப்பட்டது. ஆயினும் இரண்டுக்கும் ஆதி வேர் ஒன்றே, ஏனெனில் பயணம் என்பது முதலில் ‘புறப்பட எழுதல்’ என்றே பொருள்பட்டது.

பயணத்துக்கான பழைய நோர்ஸ் சொல்லும் மறையவில்லை. ‘ஃபார்’ (செல்லுதல்) என்ற வேரிலிருந்து பிறந்த ‘ஃபெர்த்’ இன்று ‘ஃபேர்ட்’ என்ற வடிவில் வழங்குகிறது; ‘ஃபார்ட்’ அதன் உறவுச்சொல்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் ஜெர்மனின் ‘ரைசெஃபீபர்’ இதன் நேர் இணை.

மறுமொழி 2:
ஆம், பகுதிக்குப் பகுதி பொருந்துகிறது. சுவீடிய மொழியில் அதுவே ‘ரேஸ்ஃபேபர்’.