கோ ஸ்ட்ரக்ட்டை மாங்கோடிபியில் வைக்கும்போது 0 காணாமல் போகிறது

இலைக்கணக்கு, கோத்தகிரி:

வணக்கம். சிறு விவசாயிகளிடம் பச்சை இலை எடுத்து ஃபேக்டரிக்கு ஏற்றும் ஒரு ஏஜென்ட்டுக்காகச் சின்னதாக ஒரு ஆப் செய்துகொண்டிருக்கிறேன். சர்வர் பக்கம் கோ மொழி, டேட்டாபேஸ் மாங்கோடிபி, இரண்டையும் இணைப்பது அதிகாரபூர்வ டிரைவர்தான். ஒரு ரசீதில் விவசாயி எண், தேதி, எடை, ஈர இலைக்குக் குறைக்கும் தண்ணீர்க் கழிவு, கிலோ விலை, முன்பணம் வாங்கியிருந்தால் அதன் பட்டியல். எல்லாமே ஒரே ஸ்ட்ரக்ட் (பல ஃபீல்டுகளைச் சேர்த்துக் கட்டிய கோ டைப்).

இலை எடுக்கும் நாளில் விலை தெரியாது, மாதம் முடிந்து பில் வரும்போதுதான் தெரியும். அதனால் விலைக்கு ஓமிட்எம்ப்டி டேக் (காலியாக இருந்தால் எழுதாதே என்ற குறிப்பு) போட்டேன், அப்படியே கை போன போக்கில் மற்ற எல்லா ஃபீல்டுக்கும் போட்டாயிற்று. இப்போது மழை நின்ற நாளில் ஏஜென்ட் கழிவு 2 கிலோ என்று தவறாகப் போட்டுவிட்டு, அப்புறம் 0 என்று திருத்தினால், திருத்தம் சேவ் ஆவதே இல்லை. எரரும் இல்லை, டேட்டாபேஸில் இன்னமும் 2 தான் இருக்கிறது. சரி என்று ஓமிட்எம்ப்டியை எடுத்தால் விலை 0 என்று ஏறிவிடுகிறது, விவசாயிக்குப் போகும் எஸ்எம்எஸ்ஸில் மொத்தம் ₹0 என்று வருகிறது. அதைப் பார்த்துவிட்டு ஒருத்தர் போன் போட்டுக் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது.

இன்னொன்று, முன்பணப் பட்டியலில் $புஷ் (பட்டியலில் ஒன்றைச் சேர்க்கும் கட்டளை) செய்தால் சில ரசீதுகளில் ஏறுகிறது, சிலதில் "அரே இல்லை, நல்" (பட்டியல் இல்லை, வெற்று மதிப்பு) என்று திட்டுகிறது. நண்பர் ஒருவர் ஸ்ட்ரக்ட்டையே தூக்கிப் போட்டுவிட்டு மேப்பில் (பெயர்-மதிப்பு ஜோடிகளாக) எழுது என்கிறார். அதுதான் வழியா?

மஞ்சூர்க்காரன்:

மேப் வேண்டாம் நண்பரே. மேப்புக்குப் போனால் ஃபீல்டு பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் கம்பைலர் வாய் திறக்காது. ஸ்ட்ரக்ட்டால் கிடைக்கும் ஒரே பெரிய லாபமே அதுதான்.

கோ மொழியில் ஒரு இன்ட்டோ (முழு எண்) ஃப்ளோட்டோ (தசம எண்) காலியாக இருக்கவே முடியாது, நீங்கள் எதுவும் வைக்காவிட்டாலும் அது 0. மாங்கோ டாக்குமென்ட்டில் (ஒரு பதிவில்) மூன்று நிலை உண்டு: ஃபீல்டே இல்லை, ஃபீல்டு இருக்கிறது ஆனால் நல், ஃபீல்டு இருக்கிறது மதிப்பு 0. அந்த மூன்றையும் உங்கள் ஒற்றை 0க்குள் அடைக்கப் பார்க்கிறீர்கள். ஓமிட்எம்ப்டி போட்ட ஃபீல்டில் 0 இருந்தால் டிரைவர் அதை எழுதாமலே விட்டுவிடும். முழு ஸ்ட்ரக்ட்டையும் $செட்டுக்குள் (கொடுத்த ஃபீல்டை மட்டும் மாற்றும் கட்டளை) கொடுத்திருப்பீர்கள், அதில் கழிவு என்ற ஃபீல்டே போயிருக்காது, எனவே பழைய 2 அப்படியே நிற்கிறது. மாங்கோ பக்கம் தப்பே இல்லை, அது கேட்டதைச் செய்திருக்கிறது. இதையே டாக்குமென்ட்டை முழுதாக மாற்றும் ரீப்ளேஸ்ஒன்னில் செய்திருந்தால் கழிவு ஃபீல்டு அழிந்துபோய், திரும்பப் படிக்கும்போது 0 என்றே வந்திருக்கும், சிக்கல் கண்ணிலேயே பட்டிருக்காது. அது இன்னும் மோசம்.

ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே டேக் என்று போகாமல் ஒவ்வொரு ஃபீல்டாக உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். கழிவுக்கு 0 என்பது உண்மையான பதில், அதற்கு ஓமிட்எம்ப்டி கூடாது. விலைக்கு "இன்னும் தெரியாது" என்ற நிலை இருக்கிறது, அதற்குப் பாயிண்டரும் (மதிப்பு இருக்கும் இடத்தைக் காட்டுவது) ஓமிட்எம்ப்டியும். பாயிண்டர் நில் (எதையும் காட்டவில்லை) என்றால் ஃபீல்டு போகாது, 0வைக் காட்டும் பாயிண்டர் என்றால் 0 என்றே போகும்.

முன்பணத்தில் நடப்பது வேறு. கோ மொழியில் நில் ஸ்லைஸ் (இன்னும் உருவாக்காத பட்டியல்) டாக்குமென்ட்டில் நல் என்று ஏறும், காலி அரேயாக அல்ல. நல் மேல் $புஷ் நடக்காது. ஃபீல்டே இல்லாவிட்டால் $புஷ் தானே அரேயை உண்டாக்கிக்கொள்ளும், எனவே இந்த ஒன்றுக்கு ஓமிட்எம்ப்டி சரி. ஏற்கெனவே நல் ஆகிப்போன ரசீதுகளைத் தேடும்போது நல்லுக்குச் சமம் என்று மட்டும் ஃபில்டர் கொடுத்தால் ஃபீல்டே இல்லாதவையும் சேர்ந்து வரும். $டைப் (வகை பார்க்கும் ஃபில்டர்) கொடுத்து நல் வகையை மட்டும் பிடித்து, $அன்செட்டால் அந்த ஃபீல்டை நீக்கிவிடுங்கள்.

அப்புறம் திருத்தத்துக்கு முழு ஸ்ட்ரக்ட்டை அனுப்பும் பழக்கத்தையே விடுங்கள், மாறிய ஃபீல்டை மட்டும் $செட் செய்யுங்கள். நம் மலையில் சிக்னல் வந்து வந்து போகும், இரண்டு போனிலிருந்து ஒரே ரசீது திருத்தப்பட்டால் கடைசியாக வந்தது மற்றவருடைய திருத்தத்தையும் சேர்த்து விழுங்கிவிடும்.

குன்னூர் ஏலம்:

மஞ்சூர் அண்ணா சொன்னது எல்லாம் சரி, ஆனால் பாயிண்டர் போடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி. விலை ஏன் ரசீதுக்குள் இருக்கிறது?

பச்சை இலை விலை ஒரு ரசீதின் குணம் இல்லை. தேயிலை வாரியம் சொல்வதும் மாதக் கணக்கில்தான், ஃபேக்டரி கொடுப்பதும் மாதக் கணக்கில்தான். அப்படியென்றால் ஃபேக்டரி, மாதம் இரண்டையும் சேர்த்து _ஐடியாக (டாக்குமென்ட்டின் அடையாளம்) வைத்து விலைக்கு டாக்குமென்ட்டுகளின் தனித் தொகுப்பு, அதாவது தனி கலெக்‌ஷன். அந்த டாக்குமென்ட் இல்லை என்றால் விலை தெரியாது, அவ்வளவுதான். பில் போடும்போது விலையைப் பில்லுக்குள் நகல் எடுத்து வைத்துவிடுங்கள், ஏனென்றால் பின்னால் யாராவது விலையைத் திருத்தினால் கொடுத்து முடித்த பில் மாறக் கூடாது. ரசீது ஸ்ட்ரக்ட், பில் ஸ்ட்ரக்ட் இரண்டும் வேறு வேறு டைப். பில் ஸ்ட்ரக்ட்டில் விலை கட்டாயம், பாயிண்டரே தேவையில்லை. "இருக்கலாம், இல்லாமலும் போகலாம்" என்று ஒரு ஸ்ட்ரக்ட்டில் ஃபீல்டுகள் கூடிக்கொண்டே போனால் அதற்குள் இரண்டு டைப் ஒளிந்திருக்கிறது என்று சந்தேகப்படுவேன்.

பணத்தை ஃப்ளோட்டில் வைக்காதீர்கள். மாங்கோவில் 3.4 பதிப்பிலிருந்து டெசிமல்128 என்ற துல்லியமான தசம டைப் இருக்கிறது, ஆனால் கோ மொழியில் அதற்கு நேரான டைப் கிடையாது, கூட்டல் பெருக்கலுக்கு வேறு லைப்ரரி தேட வேண்டும். பைசாவை இன்ட்64ல் (64 பிட் முழு எண்), எடையைக் கிராமில் இன்ட்64ல் வைத்தால் தலைவலி இல்லை.

இலைக்கணக்கு:

விலையைத் தனி கலெக்‌ஷனுக்கு மாற்றிவிட்டேன், கழிவும் இப்போது 0 ஆகிறது. நன்றி. ஆனால் ஜூலை 1ஆம் தேதி ரசீதுகள் எல்லாம் ஜூன் பில்லில் போய் விழுகின்றன. தேதியை நேரம் இல்லாமல் நள்ளிரவாகத்தான் வைக்கிறேன்.

மஞ்சூர்க்காரன்:

நள்ளிரவுதான் காரணம். கோ மொழியின் டைம் மதிப்பு யுடிசி (உலகப் பொது நேரம்) மில்லிசெகண்டாகத்தான் டாக்குமென்ட்டில் உட்காரும், நீங்கள் வைத்த ஜோன் அங்கே இருக்காது. நம் ஜூலை 1 நள்ளிரவு 12 மணி யுடிசியில் ஜூன் 30 மாலை 6.30. அக்ரிகேஷனில் (டேட்டாபேஸிலேயே தொகுத்துக் கணக்கிடுவது) மாதம் பிரிக்கும்போது டைம்ஜோனாக ஆசியா/கொல்கத்தா கொடுத்தால் சரியாகும். ஆனால் இலை எடுத்த நாள் என்பது ஒரு நாள்தானே, ஒரு நொடி இல்லையே. 2025-07-01 என்ற வடிவில் ஸ்ட்ரிங்காக வையுங்கள், வரிசைப்படுத்தினாலும் ஒழுங்காக வரும். ரசீது பதிவான நேரம் வேண்டுமென்றால் அதை வேறு ஃபீல்டில் டைமாக வைத்துக்கொள்ளலாம்.

பனிமூட்டம், ஊட்டி:

இடையில் நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எடையை இன்ட்64க்கு மாற்றும்போது பழைய டாக்குமென்ட்டுகளில் ஃப்ளோட் கிடக்கும். 12.0 என்றால் டிரைவர் இன்ட்டாகப் படித்துவிடும், 12.5 வந்தால் டீகோட் எரர். எரரைத் தவிர்க்க டிரங்கேட் (தசமப் பகுதியை வெட்டிவிடும்) டேக் போடலாம் என்று எங்கேயாவது படித்தால் போட்டுவிடாதீர்கள், அரை கிலோ சத்தமில்லாமல் போய்விடும். முதலில் 1000ஆல் பெருக்கி மைக்ரேட் செய்யுங்கள். கிலோவும் கிராமும் ஒரே பெயரில் கலந்து கிடக்காமல் ஃபீல்டு பெயரையும் எடைகிராம் என்று மாற்றுங்கள்.

ஷெல்லில் (மாங்கோவுக்கு நேரடியாகக் கட்டளை அடிக்கும் இடம்) உட்கார்ந்து கையால் திருத்துபவர் யாராவது இருந்தால் அவர் சும்மா அடிக்கும் எண் பழைய ஷெல்லில் டபிளாகவும் (தசம எண்), இப்போதைய மாங்கோஷ்ஷில் சிறிய முழு எண் என்றால் 32 பிட் இன்ட்டாகவும் ஏறும், இன்ட்64 ஆகாது, உங்கள் ஸ்ட்ரக்ட்டைப் பற்றி ஷெல்லுக்குத் தெரியாது. 3.6 முதல் கலெக்‌ஷனுக்கு ஜேசன் ஸ்கீமா வேலிடேட்டர் (பதிவின் வடிவைச் சரிபார்க்கும் விதி) போட முடியும், எடைகிராம் லாங் (இன்ட்64) வகையாக இருந்தே ஆக வேண்டும் என்று அதில் எழுதிவிட்டால் அந்தப் பக்கத்திலிருந்து வருவதும் வாசலிலேயே நின்றுவிடும். மைக்ரேட் முடித்த பிறகு போடுங்கள், இல்லையென்றால் பழைய ரசீதைத் திருத்தப் போகும்போதெல்லாம் மாட்டிக்கொள்வீர்கள்.