வெள்ளத்தில் நின்ற மாருதி 800: புது நிறம் அடிக்கலாமா, விட்டுவிடலாமா?

பாளைக்காரன்:
திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் தம்பி வீட்டு வாசலில் நின்ற என் மாருதி 800, 2023 டிசம்பர் வெள்ளத்தில் இருக்கை மட்டம் வரை மூழ்கியது. என்ஜினைச் சரிசெய்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது கதவுகளின் கீழ் ஓரத்தில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்புகிறது. எப்படியும் கைவைக்கத்தான் வேண்டும். அதோடு சேர்த்து, வெள்ளையை மாற்றி ராணுவ ஜீப்பின் பச்சையை அடித்து, சக்கர வளைவுகளையும் வெட்டி அகலப்படுத்தலாம் என்று ஆசை. ஒரு பட்டறையில் 35,000 ரூபாய், ஒரு வாரம் என்றார்கள். இன்னொன்றில் 80,000, ஒன்றரை மாதம் என்றார்கள். ஏன் இவ்வளவு வித்தியாசம்?

வள்ளியூர்க் காற்று:
இரண்டும் வேண்டாம் அண்ணாச்சி. 2014-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி. விற்றால் 80,000 கிடைக்குமா என்பதே சந்தேகம். அதன் மேல் அதே தொகையைப் பூசுவது எந்த ஊர்க் கணக்கு? ராணுவப் பச்சை வேறு! மத்திய மோட்டார் வாகன விதி 121-இன்படி ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே உரியது. வேறு நிறம் என்றாலும் ஆர்.சி. புத்தகத்தில் மாற்ற வேண்டும், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். வளைவை வெட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு குறுக்கே வரும். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கொப்புளத்தைச் சுரண்டி, பிரைமர் வைத்து, வெள்ளையைத் தொட்டுவிட்டு ஓட்டுங்கள்.

பேட்டைப் பட்டறை:
சட்டம் பற்றி அவர் சொன்னது சரி. பச்சையையும் வளைவையும் மறந்துவிடுங்கள். ஆனால் சுரண்டித் தொட்டுவிடச் சொல்வதை இருபது ஆண்டுகளுக்கு மேல் டிங்கர் (தகடு) வேலை பார்க்கிறவனால் ஒப்புக்கொள்ள முடியாது. அந்தத் துரு வெளியிலிருந்து வந்ததில்லை. வெள்ளத்தோடு வந்த வண்டல் கதவுக்குள் இறங்கி, அடியில் தண்ணீர் வடியும் துளைகளை அடைத்திருக்கும். கதவுக்கு அடியில் கால் வைத்து ஏறும் படிக்குக் கீழே உள்ள பெட்டிப் பகுதியிலும் அதே கதைதான். ஒவ்வொரு மழைக்கும் ஈரம் அங்கேயே தங்கும். தகட்டின் கனம் முக்கால் மில்லிமீட்டர் அளவுதான். பெரும்பாலும் அரித்து முடித்த பிறகுதான் வெளியே கொப்புளம் தெரிகிறது.

இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசமும் அங்கேதான் இருக்கிறது. ஒரு வாரத்தில் முடிக்கிறவர் ஓட்டையின் மேல் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) அப்பிவிடுவார். பட்டி ஈரத்தை உறிஞ்சும், அடுத்த மழைக்காலம் தாண்டாது. மற்றவர் அரித்த பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைக்கப் போகிறார் என்றால் ஒன்றரை மாதம் நியாயம்தான். கேஸ் வெல்டிங்கா, சூடு குறைவாகப் பரவும் சி.ஓ.2 வெல்டிங்கா என்று கேளுங்கள். கேஸ் சூட்டில் மெல்லிய தகடு நெளியும், நெளிவை மறைக்கப் பட்டி கனமாகும், கனத்த பட்டி ஒருநாள் வெடிக்கும். வண்டியைத் திரும்ப எடுக்கும்போது ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவின் மேல் ஓட்டிப் பாருங்கள். பட்டி கனத்த இடத்தில் பிடி தளரும்.

பாளைக்காரன்:
சரி, பச்சை வேண்டாம். பளபளப்பில்லாத மேட் கருநீலம்? அலுவலக நண்பர் ஒருவர், பெயிண்டே வேண்டாம், நிறப் படலம் ஒட்டிவிடு என்கிறார்.

உவரிக்காரி:
கொப்புளத்தின் மேல் படலம் ஒட்டினால் துருவுக்குப் போர்வை போர்த்தியதாகிவிடும். எங்கள் கடற்கரையில் உப்புக் காற்று தின்ற வண்டிகளில் இதைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம். மேட்டும் வேண்டாம். கீறல் விழுந்தால் பாலிஷ் காம்பவுண்ட் போட்டுத் தேய்க்க முடியாது, தேய்த்த இடம் மட்டும் பளபளக்கும். பளபளப்பான கருநீலம் அழகுதான். சித்திரை வெயிலில் வண்டிக்குள் ஏறி உட்காரும்போது வெள்ளையின் அருமை தெரியும்.

வள்ளியூர்க் காற்று:
தொழிற்சாலைப் பூச்சை 140 டிகிரி அளவுக்குச் சூளையில் வேகவைக்கிறார்கள். கண்ணாடி, வயர், பிளாஸ்டிக் எல்லாம் மாட்டிய வண்டியை எந்தப் பட்டறையில் அப்படிச் சுடுவார்கள்? எங்கள் பக்கம் ஆனி முதல் ஆவணி வரை காற்றாலைகள் ஓயாமல் சுற்றுகின்றன. பூத் (தூசி புகாத பெயிண்ட் அறை) இல்லாத கொட்டகையில், நிறத்தின் மேல் வரும் கிளியர் கோட் அடித்தால், அடித்தது நீலம், காய்ந்தது செம்மண்.

பேட்டைப் பட்டறை:
அதற்குத்தான் இரண்டு பாகமாக வரும் 2கே பெயிண்ட் வந்திருக்கிறது. ஹார்டனர் என்ற இறுக்கும் திரவத்தைக் கலந்ததும் ரசாயனமாகவே இறுகிவிடும், சூளை தேவையில்லை. பூத்தில் 60 டிகிரி சூடு கொடுத்தால் சீக்கிரம் இறுகும், அவ்வளவுதான். பூத் இல்லாவிட்டால் தரையில் தண்ணீர் தெளித்து, தார்ப்பாய் கட்டி, விடியற்காலையில் அடிக்கலாம். ஆனால் தை, மாசியில் கொடுங்கள். ஆடிக் காற்றும் வேண்டாம், ஐப்பசி ஈரமும் வேண்டாம். நிறம் கலந்த பார்முலாவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு கதவு மட்டும் அடிபட்டால் அது இல்லாமல் நிறம் சேராது. இன்னொன்று, யாரும் கேட்காதது: ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது. பெயிண்ட் அடிக்கும் பையன் முகத்தில் வெறும் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றால், அந்தப் பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

வள்ளியூர்க் காற்று:
கடைசியாகச் சொன்னதற்காக உங்களை மதிக்கிறேன். ஆனால் இத்தனை பத்தியிலும் 80,000-க்கு நீங்கள் கணக்குச் சொல்லவில்லை.

பேட்டைப் பட்டறை:
வண்டியை விற்கத்தான் வைத்திருக்கிறார் என்று நீங்களாகவே முடிவுசெய்துகொண்டால் கணக்கு வராது. ஓட்டுகிறவருக்கு வரும். நிறத்துக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவிட நான் சொல்லவில்லை. வெள்ளையே அடிக்கட்டும். பணம் தகட்டுக்குப் போகட்டும், புதுத் தகட்டின் உட்புறத்துக்கு துருவைத் தடுக்கும் எபாக்சி பிரைமரும் மெழுகுப் பூச்சும் போகட்டும்.

பாளைக்காரன்:
ஞாயிற்றுக்கிழமை கதவின் உள் அட்டைகளைக் கழற்றி, தரை விரிப்பையும் தூக்கிப் பார்க்கிறேன். கதவும் படியும் மட்டும் என்றால் 80,000 பட்டறை, அதே வெள்ளை. தரைத் தகடும் போயிருந்தால் விற்றுவிடுகிறேன்.

வள்ளியூர்க் காற்று:
விற்றால், வெள்ளத்தில் நின்ற வண்டி என்று வாங்குகிறவரிடம் சொல்லி விற்றுவிடுங்கள் அண்ணாச்சி. 35,000 ரூபாய்க்குப் பெயிண்ட் அடித்து விற்றுவிடாதீர்கள்.