மான்ட்ரியல்ல டூப்ளெக்ஸ் வாங்கறீங்களா? கிச்சனைப் பாக்கறதுக்கு முன்னாடி லீஸைப் பாருங்க

தம்பி, லசால் ஏரியால ஒரு டூப்ளெக்ஸ், அதாவது மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு தனி வீடு, வாங்கி, கீழ நாம இருந்துக்கிட்டு மேல வாடகைக்கு விட்டா லோன் பாதி அதுலயே கழிஞ்சிடும்னு கணக்கு போட்டிருக்கீங்க. கணக்கு சரிதான், ஆனா ஊர் நெனப்புல போட்ட கணக்கு. மான்ட்ரியல் இருக்கற கியூபெக் மாகாணத்துல வீட்டை வாங்கினா உள்ள இருக்கறவங்களையும் சேத்துதான் வாங்கறோம். ஓனர் மாறினாலும் அதே லீஸ் (இங்க வாடகை ஒப்பந்தத்துக்கு அதான் பேரு), அதே வாடகை, வருஷா வருஷம் தானா ரினியூ ஆயிட்டே இருக்கும்.

நாங்க வில்ரே பக்கம் ஒண்ணு பாத்தோம். விளம்பரத்துல மேல் வீட்டுக்கு 1,900 டாலர் "வரும்"னு போட்டிருந்தாங்க. அந்த வளைஞ்ச இரும்புப் படில ஏறிப் போனா ஒரு பாட்டி, 22 வருஷமா இருக்காங்களாம், குடுக்கறது 790. ஏஜென்ட் வெளிய வந்து "அதெல்லாம் அனுப்பிடலாம் சார்"ங்கறாரு. எங்க அனுப்பறது? லீஸ் ஜூன் 30ல முடியுதுன்னா, நாமளே குடி போறதா இருந்தாக்கூட டிசம்பருக்குள்ள நோட்டீஸ் குடுத்திருக்கணும், அவங்க ஒரு மாசம் பதில் சொல்லாம இருந்தா மாட்டேன்னு அர்த்தம், அப்புறம் நாமதான் வாடகை ட்ரிப்யூனலுக்கு அலையணும். அதுலயும் 65 வயசாகி, அதே வீட்ல 10 வருஷம் இருந்து, வருமானமும் கம்மின்னா 2024ல வந்த சட்டப்படி கிட்டத்தட்ட கைய வைக்கவே முடியாது. பாட்டி கேஸ் அதுதான். நியாயமான சட்டம்னுதான் எனக்குத் தோணுது, ஆனா நம்ம பட்ஜெட்டுக்கு ஆவாது.

நண்பரோட சேந்து வாங்கலாம்னு சொன்னீங்களே, வேணாம். புருஷன் பொண்டாட்டி இல்லாம வேற ரெண்டு பேர் கூட்டா வாங்கினா, சொந்தமா குடியிருக்கன்னு வாடகைக்காரரை காலி பண்ணச் சொல்ற உரிமையே கிடையாது.

காசு விஷயம். 8 லட்சம் டாலர் வீடுன்னா, ஒரு போர்ஷன்ல நாம இருக்கப் போறோம்னா முன்பணம் குறைஞ்சது 55,000, அதாவது முதல் 5 லட்சத்துக்கு 5%, மிச்சத்துக்கு 10%. அதோட நின்னுடாதீங்க. வீடு கைமாறினா நகராட்சி போடற வரி, வெல்கம் டாக்ஸ்னு 11,000க்கு மேல பில் வரும் (பேரு மட்டும்தான் வெல்கம்), நோட்டரி ஃபீஸ், அப்புறம் லோன் இன்சூரன்ஸ் மேல போடற 9% மாகாண வரி, இதை லோன்ல சேக்க மாட்டாங்க, கைக்காசு. வொர்க் பெர்மிட்ல இருந்தா வாங்கற அன்னிக்கு அதுல 183 நாளாவது பாக்கி இருக்கணும்.

பத்து மாச அட்வான்ஸ் எல்லாம் கனவுலதான். இங்க டெபாசிட் கேக்கறதே சட்டப்படி தப்பு, முதல் மாச வாடகைய மட்டும் முன்னாடி வாங்கிக்கலாம்.

வீடு பாக்கப் போறப்ப பையில ஒரு கோலிக்குண்டு போட்டுக்கோங்க, சிரிக்காதீங்க. இங்க நிறைய ஏரியால களிமண்ணு, வெயில்ல காஞ்சா சுருங்கி அஸ்திவாரம் இறங்கும். என் பையன் ஹால்ல வெச்ச கோலி நேரா கிச்சன் வரைக்கும் உருண்டு போச்சு, பேஸ்மென்ட்ல போய் பாத்தா புதுசா பெயின்ட் அடிச்ச செவுத்துல விரல் நுழையற விரிசல். அதோட அந்த வீட்டுக்கு கும்பிடு போட்டாச்சு.

நீங்க சொன்ன லசால் வீட்டுக்கு ரெண்டு லீஸ் காப்பியும் கேளுங்க, ரெண்டுலயும் ஆளு இருந்தா நீங்க எங்க இருப்பீங்கன்னும் கேளுங்க. வந்ததும் லீஸ் ஃபாரத்துல இருக்கற 'ஜி' பகுதிய, அதான் முந்தின வாடகை எழுதற இடம், போட்டோ எடுத்துப் போடுங்க, பாக்கலாம்.