சின் ஸ்கேன் தடமே விடாதாம்!

பாக்கெட்பித்தன்: புதுசா செக்யூரிட்டி படிக்க வர்றவங்களுக்கு ரூட்ராஜா நேத்து கொடுத்த அறிவுரை: "காலி லினக்ஸ் போடு, என்மேப்ல சின் ஸ்கேன் அடி, தடமே விடாது. வயர்ஷார்க்கை அப்புறம் பாத்துக்கலாம்." (காலி லினக்ஸ்னா செக்யூரிட்டி சோதனைக்கான லினக்ஸ்; என்மேப், ஒரு மெஷின்ல எந்தப் போர்ட், அதாவது எந்த வாசல், திறந்திருக்குன்னு தட்டிப் பாக்கற கருவி; சின், கனெக்‌ஷன் கேட்டுப் போற முதல் பாக்கெட்; வயர்ஷார்க், நெட்வொர்க்ல போற வர்ற பாக்கெட்டைக் காட்டற கருவி.) படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. ராத்திரியே ரெண்டு வர்ச்சுவல் மெஷினை வெளியுலகத் தொடர்பில்லாத ஹோஸ்ட்-ஒன்லி நெட்வொர்க்ல போட்டு, ஒண்ணுல ஸ்கேன், இன்னொண்ணுல வயர்ஷார்க். என்மேப் வழக்கமா தட்டுற 1000 போர்ட்டுக்கும் சின் வந்து கொட்டுது. திறந்திருந்த 22-ல (தூரத்திலேர்ந்து லாகின் பண்ற எஸ்எஸ்எச் போர்ட்) சின், பதிலுக்கு சின்-ஆக், உடனே ரீசெட், அதாவது கனெக்‌ஷனை முறிக்கிற பாக்கெட். மூடியிருந்த 999-லேர்ந்தும் ரீசெட் திரும்பிப் போகுது. திரை முழுக்க செவப்பு வரி. இதுவா தடமில்லாதது?

ரூட்ராஜா: தம்பி, சின், சின்-ஆக், ஆக்னு மூணு படி ஹேண்ட்ஷேக் முடியாததால அந்த கனெக்‌ஷன் எஸ்எஸ்எச் சர்வர் கைக்கே போகாது. ஆத் லாக்ல (லாகின் முயற்சிகள் பதிவாகற கோப்பு) ஒரு வரி காட்டுங்க, ஒத்துக்கறேன்.

பாக்கெட்பித்தன்: "தடமே"ன்னு எழுதினது நீங்க. லாக்னு எழுதல. லினக்ஸ் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸ்ல ஒரு லாக் விதி போட்டா ஒவ்வொரு சின்னும் கர்னல் லாக்ல பதிவாகும். 1998-ல வந்த ஸ்னார்ட் மாதிரி ஊடுருவலைக் கண்டுபிடிக்கிற கருவி இருக்கறதே இதையெல்லாம் பிடிக்கத்தான்.

ரூட்ராஜா: என்மேப் கையேட்டுலயே இது கண்ணுல படாத ஸ்கேன்னுதான் இருக்கு. அதை எழுதினவங்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமோ?

பாக்கெட்பித்தன்: அந்த வரியில "ஓரளவு"ன்னு ஒரு சொல் இருக்கு. அதை ஏன் முழுங்கிட்டீங்க?

கத்துக்குட்டி: அண்ணா, நான் அடிச்சப்ப ஆத் லாக்ல வரி வந்துச்சே?

ரூட்ராஜா: சூடோவும் (ரூட் உரிமையோட ஓட்டற கட்டளை) போடாம, ஸ்கேன் வகையும் சொல்லாம அடிச்சிருப்ப. ரூட் உரிமை, அதாவது நிர்வாகி உரிமை, இல்லேன்னா என்மேப் தானாவே கனெக்ட் ஸ்கேனுக்குப் போயிடும். அது ஹேண்ட்ஷேக்கை முழுசா முடிக்கும்.

பாக்கெட்பித்தன்: இதுக்குத்தான் அடிச்சுக்கறேன்! தான் அடிக்கிறது எந்த ஸ்கேன்னே கத்துக்குட்டிக்குத் தெரியல. வயர்ஷார்க் திறந்திருந்தா மூணாவதா போறது ஆக்கா ரீசெட்டான்னு பாத்திருப்பார், ஒரு நிமிஷ வேலை. "தடமே விடாது"ன்னு உங்களை நம்பி, அனுமதியில்லாம வேலை செய்யற இடத்துல அடிச்சா மாட்டப் போறது நீங்களா, அவரா?

சொல்லேருழவன்: பாக்கெட் என்ன பாக்கெட்? "பொதி"ன்னு அழகான தமிழ்ச்சொல் இருக்கே.

ரூட்ராஜா: பொதின்னா கழுதை சுமக்கறது. இப்ப இது ரொம்ப முக்கியமா?

சொல்லேருழவன்: முக்கியந்தான். சொல்லுக்கு மரியாதை இல்லாத இடத்துல "தடம்"னா என்னன்னு மட்டும் எப்படி விளங்கும்?

ரூட்ராஜா: பித்தன் சாருக்கு என் மேல பழைய கோபம். போன மாசம் நாட் (பல மெஷின் ஒரே ஐபி முகவரியைப் பகிர வைக்கிற முறை) பத்தி அவர் சொன்னதை நான் தப்புன்னு காட்டினேன்ல, அது இன்னும் ஆறல.

பாக்கெட்பித்தன்: அதுலயும் நான் சொன்னதுதான் சரி. கேப்சர் கோப்பு இன்னும் வச்சிருக்கேன். முதல்ல "தம்பி"யை விடுங்க, உங்களுக்கு முன்னாடியிலேர்ந்து இந்தத் தொழில்ல இருக்கேன். அப்புறம், "தடமே விடாது", அந்த வரியைத் திருத்துங்க.

ரூட்ராஜா: ஆத் லாக் வரியைக் காட்டுங்க, திருத்தறேன்.

பாக்கெட்பித்தன்: நெட்வொர்க் கம்பியில வந்தது தடமில்லையா? 1000 சின் ஐயா, 1000!

கத்துக்குட்டி: சூடோ போட்டு அடிச்சேன், ஆத் லாக்ல ஒண்ணுமில்ல. ஆனா வயர்ஷார்க்ல எல்லாம் தெரியுது.

ரூட்ராஜா: பாத்தீங்களா?

பாக்கெட்பித்தன்: பாத்தீங்களா?