ஓபிஜி எடுத்த பிறகு சிபிசிடியும் எதற்கு? பல் படம்: அனுபவப் பகிர்வு, கொழும்பு

கிருலப்பனை வாசகர்:
கீழ் ஞானப்பல் கழற்ற வேண்டும். ஓபிஜி (இரண்டு தாடையும் ஒரே படத்தில் வரும் எக்ஸ்ரே) கையில் இருக்கிறது. இப்போது சிபிசிடி ஸ்கேனும் (தாடையின் முப்பரிமாண எக்ஸ்ரே) எடுத்து வரச் சொல்லித் துண்டு எழுதித் தந்திருக்கிறார்கள். ஒரே தாடையை இரண்டாம் தரம் எடுத்தால் புதிதாக என்ன தெரியும்? தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

வாய் அறுவைக்காரர், கொழும்பு 7:
ஓபிஜி என்பது வளைந்த தாடையை நீட்டி விரித்து ஒரே தளத்தில் பதித்த நிழல். கீழுதட்டுக்கும் நாடிக்கும் உணர்ச்சி கொடுக்கும் நரம்பு தாடை எலும்புக்குள் ஒரு கால்வாயில் ஓடுகிறது. அந்தக் கால்வாய் ஞானப்பல் வேரின் மேல் விழுவது ஓபிஜியில் தெரியும். அது வேரின் நாக்குப் பக்கத்தில் ஓடுகிறதா, கன்னப் பக்கத்திலா, இரண்டு வேர்களுக்கும் நடுவிலா என்பது தெரியாது.

அதனால் ஓபிஜியில் முதலில் மூன்று அடையாளங்களைத் தேடுவோம். கால்வாய் குறுக்கிடும் இடத்தில் வேர் கறுத்திருப்பது, கால்வாயின் வெள்ளை ஓரக்கோடு அங்கே அறுந்திருப்பது, கால்வாய் வேரருகே வளைந்து விலகுவது. இவை ஒன்றும் இல்லை, இடைவெளியும் தெளிவாக இருக்கிறது என்றால் சிபிசிடி தேவையில்லை. அப்படியும் துண்டு வந்தால் "இந்தப் படத்தால் நீங்கள் செய்யப் போவது மாறுமா டொக்டர்?" என்று கேளுங்கள், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஓர் அடையாளமாவது இருந்தால் 5 x 5 செ.மீ. அளவில் அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்தால் போதும். வேரும் நரம்பும் இடையில் எலும்பே இல்லாமல் ஒட்டிக்கிடந்தால், பல்லின் மேற்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து வேரை உள்ளேயே விடும் வழி இருக்கிறது, கொரொனெக்டமி என்பார்கள். எல்லோருக்கும் சிபிசிடி எடுத்தால் உதடு மரத்துப்போவது குறையும் என்று ஒப்பீட்டு ஆய்வுகள் தெளிவாகக் காட்டவில்லை. சந்தேகம் உள்ள பல்லுக்குத்தான் அது.

ரேடியோகிராபர், வெள்ளவத்தை:
கதிர்வீச்சுக் கணக்கை நான் சொல்கிறேன். வாய்க்குள் சென்சர் வைத்து எடுக்கும் சிறு படம் ஒன்று சில மைக்ரோசீவெர்ட் (கதிர் அளவின் அலகு, ஆயிரம் சேர்ந்தால் ஒரு மில்லிசீவெர்ட்). ஓபிஜி சுமாராகப் பத்து, இருபது. சிபிசிடி கருவியையும் எடுக்கும் பரப்பையும் பொறுத்தது. சில பத்தில் முடியலாம், பல நூறு வரையும் போகலாம். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் எல்லோருக்கும் இயல்பாக வந்து சேர்வது உலக சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவெர்ட், நாளொன்றுக்கு ஆறு ஏழு மைக்ரோசீவெர்ட். ஆக, ஓர் ஓபிஜி எடுப்பது இரண்டு மூன்று நாள் சும்மா இருப்பதற்குச் சமம். சிபிசிடியை அப்படித் தள்ளிவிட முடியாது, பிள்ளைகளுக்கு இன்னும் கவனம். துண்டில் "சிபிசிடி" என்று மட்டும் எழுதாமல் எந்தப் பல் (வலது கீழ் ஞானப்பல் என்றால் 48), என்ன பார்க்க வேண்டும், எவ்வளவு பரப்பு என்று எழுதியிருக்க வேண்டும். ஒரு பல்லுக்காக இரண்டு தாடையையும் எடுப்பது இங்கே அடிக்கடி நடக்கிறது.

அடுத்தது, படம் கெடுவது. மறுபடி எடுக்க நேர்ந்தால் கதிரும் இரண்டு மடங்கு. ஓபிஜி கருவி தலையைச் சுற்றிவர 12 முதல் 18 வினாடி ஆகும். தாடை விழ வேண்டிய தெளிவுப் பட்டை மிக ஒடுங்கியது. கடிக்கும் கட்டையில் ஒரு பள்ளம் இருக்கும், மேல் முன்பல்லும் கீழ் முன்பல்லும் அதற்குள் இருக்க வேண்டும். அதைவிட முன்னே போனால் முன்பற்கள் ஒல்லியாகும், பின்னே போனால் அகலித்து மங்கும். நாடியை உயர்த்தினால் பல்வரிசை தட்டையாகும் அல்லது கவிழ்ந்த வில்லாகும், தாழ்த்தினால் அளவுக்கு மீறிச் சிரிக்கும். கூனி நின்றால் முதுகெலும்பின் வெள்ளை நிழல் சரியாக முன்பற்களின் மேல் விழும். ஒரு காலடி முன்னே வைத்து, கழுத்தை நீட்டி, கைப்பிடியில் தொங்குவது போல நிற்கச் சொல்வது அதற்காகத்தான்.

ஆட்கள் கேட்டும் செய்யாதது ஒன்று: நாக்கை முழுதாக மேலண்ணத்தில் ஒட்டி வைப்பது. நுனியை மட்டும் தொட்டால் இடையில் காற்று நிற்கும், மேல் பல் வேர்களுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை வரும், வேர் நுனி எதுவும் தெரியாது. எச்சிலை விழுங்கினால் நாக்கு தானாக அங்கே போய் ஒட்டும். அந்த நிலையிலேயே வைத்திருங்கள்.

மாளிகாவத்தை வாசகர்:
ஹிஜாப் கழற்ற வேண்டுமா? என் உம்மாவின் மூக்குத்தி பல வருடமாகக் கழறாமல் இருக்கிறது.

ரேடியோகிராபர், வெள்ளவத்தை:
துணி பிரச்சினையில்லை, அதிலுள்ள உலோக ஊசிகள்தான் பிரச்சினை. அவற்றை எடுத்துவிட்டுத் துணியைத் தளர்த்திக் கட்டினால் போதும். தோடு கட்டாயம் கழற்ற வேண்டும். ஓபிஜியில் ஒரு காதின் தோடு மறுபக்கத்தில், சற்று மேலே, மங்கிய பேய்நிழலாக இன்னொரு தரமும் விழும். அதை நோய் என்று நினைத்துக் குழம்பியவர்களும் உண்டு. தாலிக்கொடி, சங்கிலி, கொண்டை ஊசி, கழற்றி மாட்டும் பல்செட், காது கேட்கும் கருவி எல்லாவற்றையும் அதேபோல் கழற்ற வேண்டும். மூக்குத்தி கழறாவிட்டால் சொல்லிவிடுங்கள், துண்டில் குறித்துவிட்டு எடுப்போம். கீழ்த்தாடைப் பல்லுக்கு அது மறைக்காது, மேல் முன்பற்கள் என்றால்தான் யோசிக்க வேண்டும்.

நுகேகொடை வாசகர்:
ஈயக் கவசம் போடாமலே எடுத்தார்கள். கவனக்குறைவா?

வாய் அறுவைக்காரர், கொழும்பு 7:
அப்படிச் சொல்ல முடியாது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024 இல் பல் எக்ஸ்ரேக்கு ஈய அங்கியும் கழுத்துப் பட்டியும் வழக்கமாக வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஓபிஜியில் கழுத்துப் பட்டி கதிர்வீச்சையே மறைத்து, படத்தைத் திரும்ப எடுக்க வைக்கும். வாய்க்குள் எடுக்கும் சிறு படத்துக்குக் கதிர்க்கற்றையைச் சென்சர் அளவுக்குச் செவ்வகமாக ஒடுக்கும் முனை பொருத்தியிருக்கிறார்களா என்பதுதான் முக்கியம். அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவையின் உரிமம் இருக்கிறதா என்றும் பாருங்கள், 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கச் சட்டப்படி எக்ஸ்ரே கருவிக்கு அது வேண்டும்.

வேர்ச் சிகிச்சைக்காரர், பம்பலப்பிட்டி:
பல்லுக்குள் வலி என்று வருபவர்கள் பலர் ஓபிஜியோடு வருகிறார்கள். எங்களுக்கு அதனால் பெரிய பயனில்லை. இரண்டு பல் தொடும் இடத்துச் சொத்தைக்கு பைட்விங் என்ற சிறு படம், வேர் நுனிக்கு பெரியபிக்கல். சொத்தை எக்ஸ்ரேயில் தெரிவதற்கே அந்த இடத்தின் தாதுப்பொருள் 30 முதல் 40 வீதம் போயிருக்க வேண்டும், ஆகவே படம் சுத்தம் என்றால் பல் சுத்தம் என்று பொருளில்லை. வேர் நுனிச் சீழும் அப்படித்தான், வெளிப்புறக் கெட்டி எலும்பை அரிக்கும்வரை சாதாரணப் படத்தில் ஒளிந்திருக்கலாம். சிபிசிடி அதை முன்பே காட்டும். மேல் முதல் கடைவாய்ப்பல்லின் வேருக்குள் தப்பவிடப்படும் நாலாவது கால்வாயையும் காட்டும். ஆனால் படத்தின் புள்ளி அளவு 0.1 மி.மீ. அல்லது அதற்குக் கீழ் வைக்க வேண்டும். 0.3 இல் எடுத்து வந்தால் அந்தக் கால்வாய் கரைந்து போகும்.

சிபிசிடிக்குத் தெரியாததும் உண்டு. மயிரிழை வெடிப்பு பெரும்பாலும் தெரியாது. பக்கத்தில் உலோகக் கிரவுண் (பல்லுக்கு மேல் போடும் உறை), பழைய வேர் நிரப்பல் இருந்தால் வெள்ளைக் கீற்றும் கறுப்புப் பட்டையும் சுற்றிப் பரவி, இல்லாத வெடிப்பை இருப்பதுபோல் காட்டும்.

சென்சர் வைத்தால் ஓங்காளம் வருபவர்கள் மூக்கால் மெதுவாக மூச்சு விட்டு, ஒரு காலைச் சற்றுத் தூக்கிப் பிடியுங்கள். மனம் அங்கே போகும், அதற்குள் படம் முடிந்துவிடும். 1896 இல் வால்க்ஹோஃப் என்ற ஜேர்மன் பல் மருத்துவர் தன் பல்லைப் படமெடுக்க 25 நிமிடம் பிடித்தது. இப்போது 0.2 வினாடியளவுதான்.

வாய் அறுவைக்காரர், கொழும்பு 7:
இதற்கு ஒன்று சேர்க்கிறேன். பாக்கு, வெற்றிலை நெடுநாள் போட்டு வாய் இறுகியவர்களுக்கு இரண்டு விரல் கூட நுழையாது, உள்ளே சென்சர் வைக்கவே முடியாது. அவர்களுக்கு ஓபிஜிதான் வழி. ஆனால் கன்னத்து உட்புற வெள்ளைத் திட்டும் ஆறாத புண்ணும் எந்த எக்ஸ்ரேயிலும் ஆரம்பத்தில் தெரியாது. படம் நன்றாக இருக்கிறது என்று வீட்டுக்குப் போகாமல், வார்ட் பிளேஸ் தேசிய பல் வைத்தியசாலையிலோ வேறெங்கோ வாயைத் திறந்து காட்டுங்கள்.

இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர்) கேட்பவர்களுக்கும் ஒரு சொல். ஓபிஜியில் அடிமட்டம் வைத்து எலும்பு உயரம் அளக்க வேண்டாம். அது 20 முதல் 30 வீதம் பெரிதாக்கிக் காட்டும். 25 வீதம் என்று வைத்தால், 12.5 மி.மீ. தெரியும் இடத்தில் உண்மையில் 10 தான். நரம்புக்கு மேல் 2 மி.மீ. விட்டால் மிச்சம் 8. எலும்பின் தடிப்பு ஓபிஜியில் தெரியவே தெரியாது.

லாப் டெக்னீஷியன், கொட்டாஞ்சேனை:
கிரவுணுக்கு அளவெடுக்கும் வாய் ஸ்கேனர் எக்ஸ்ரே இல்லை, வெறும் ஒளிதான், பயப்பட ஒன்றுமில்லை. அச்சுப்பசை வாயில் நிறையும் தொல்லையும் இல்லை. எங்களிடம் வரும் ஃபைல்களில் கெட்டுப்போவது அனேகமாக ஒரே இடத்தில்: ஈறுக்குக் கீழே போகும் ஓரம். கமரா காணாததை ஸ்கேனர் தானாக வளைத்து மூடிவிடும், பார்வைக்கு அழகாக இருக்கும், கிரவுண் உட்காராது. ஈறை நூல் வைத்து விலக்கி, இரத்தமும் எச்சிலும் காயவைத்துத்தான் எடுக்க வேண்டும். ஒன்றிரண்டு பல்லுக்கு மிக நல்லது. முழு வளைவுக்கு ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போகும்போது சிறு பிழைகள் கூடிக்கொண்டே போகும்.

ரேடியோகிராபர், வெள்ளவத்தை:
கடைசியாக, படத்தைக் கொண்டுபோகும் விதம். சிபிசிடியை ஃபிலிமில் அச்சடித்தோ, திரையை ஃபோனால் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியோ பயனில்லை. டொக்டருக்கு அதைச் சீவிச் சீவித் திருப்பிப் பார்க்க வேண்டும். டைக்கொம் (ஸ்கேனை முழுதாக வைத்திருக்கும் மருத்துவப் பட வடிவம்) ஃபைலாகத் தரச் சொல்லுங்கள். பல மடிக்கணினிகளில் இப்போது சீடி போட இடமில்லை, பென் டிரைவ் கொண்டு போங்கள். உள்ளே நூற்றுக்கணக்கான சிறு ஃபைல்கள் இருக்கும், ஒன்றைத் தெரிந்தெடுக்காமல் ஃபோல்டரை முழுதாகப் பிரதி செய்யுங்கள், அனுப்புவதென்றால் ஒரே ஃபைலாகச் சுருக்கி (zip) அனுப்புங்கள். பெயர், திகதி, வலது இடது குறி மூன்றையும் கவுண்டரில் நிற்கும்போதே திறந்து பாருங்கள். கிருலப்பனைக்காரருக்கு: பழைய ஓபிஜியையும் சேர்த்தே எடுத்துப் போங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்கள்.