மறுமொழி: ‘ஏஐ அவதார்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பத்து நாளாக இந்த இழையை வாசித்து வருகிறேன். இந்தச் சொல் என் பிழைப்போடு ஒட்டியது என்பதால் அவசரப்பட்டு எழுத வேண்டாம் என்று இருந்தேன். திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிகளுக்கும் சாயப்பட்டறைகளுக்கும் பயிற்சிக் காணொளி வசனம் எழுதித் தருகிறேன். முன்பு ஒரு படப்பிடிப்புக்குக் கேமராக்காரர் வேண்டும், பேசத் தெரிந்த சேஃப்டி ஆபீசர் வேண்டும், மிஷின் சத்தம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். இப்போது வசனத்தைத் தட்டச்சு செய்து ஏற்றினால் போதும். திரையில் கணினி ஆக்கிய ஒரு முகம் வந்து, வாயசைத்து, கையசைத்துப் பேசிவிடுகிறது. அதைத்தான் ‘ஏஐ அவதார்’ என்கிறார்கள். ஒரு வரி மாறினால் அந்த வரியை மட்டும் திருத்தி மறுபடி எடுத்துக்கொள்ளலாம். அதே காணொளியை இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் தரலாம். பாதித் தொழிலாளர்கள் வெளிமாநிலத்தவராக இருக்கும் இடத்தில் இது சின்ன உதவி அல்ல. இந்தத் தொழில்நுட்பத்தின் மேல் எனக்கு வெறுப்பு கிடையாது.

சொல்லைப் பற்றி நான் கவலைப்படத் தொடங்கியது ஒரு சாயப்பட்டறையில். காஸ்டிக் சோடா கண்ணில் தெறித்தால் 15 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும், கசக்கக் கூடாது என்று சொல்லும் நான்கு நிமிடக் காணொளி அது. முதல் திரையில் ‘நம் பயிற்சியாளர் விளக்குகிறார்’ என்று நான்தான் எழுதியிருந்தேன். போட்டுக் காட்டிய சூப்பர்வைசரும் “மேடம் சொல்றதக் கவனிங்க” என்றார். முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகு ஓர் அம்மா மட்டும் நின்றார். “அந்த மேடம் எப்பங்க வருவாங்க? எங்க செக்‌ஷன்ல கண்ணு கழுவற பைப்புல தண்ணியே வர்றதில்லீங்க. அவங்ககிட்டச் சொல்லோணும்.”

அக்கறையோடு பேசிய முகத்திடம் குறையைச் சொல்லலாம் என்று அவர் நினைத்ததில் தப்பே இல்லை. அங்கே ஓர் ஆள் இருப்பதாக அவரை நம்பவைத்தவை இரண்டு சொற்கள். ஒன்று ‘மேடம்’, மற்றொன்று நான் எழுதிய ‘பயிற்சியாளர்’.

அடுத்து எழுத வேண்டியிருந்தது பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் பற்றிய காணொளி. 2013-ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும், விழிப்புணர்வுப் பயிற்சியும் தர வேண்டும். திரையில் கனிவாகப் பேசும் அந்த முகம்தான் குழு உறுப்பினர் என்று ஒரு பெண் எண்ணிவிட்டால், அவர் மாதக்கணக்கில் யாருக்காகக் காத்திருப்பார்? அன்று இரவே இந்த இழையை முதலிலிருந்து படித்தேன்.

இதுவரை வந்த சொற்களில் ‘மெய்நிகர் தொகுப்பாளர்’, ‘எண்ணிமப் பேச்சாளர்’, ‘செயற்கைப் பயிற்றுநர்’ மூன்றுக்கும் ஒரே குறை. மூன்றும் உயர்திணையில் முடிகின்றன. முன்னால் ‘மெய்நிகர்’ என்று எத்தனை அடைமொழி போட்டாலும் ‘-ஆளர்’, ‘-நர்’ என்று முடிந்தவுடன் வினைமுற்று ‘-ஆர்’ என்று வந்தாக வேண்டும். ‘மெய்நிகர் தொகுப்பாளர் விளக்குகிறார்.’ இரண்டாவது வாக்கியத்தில் அடைமொழி உதிர்ந்து ‘அவர் மேலும் சொல்கிறார்’ ஆகிவிடும். பத்து வரிக்குள் அங்கே ஒரு மனிதர் உட்கார்ந்துவிடுவார்.

தமிழில் படர்க்கை வினைமுற்று பெரும்பாலும் பேசுவது ஆளா பொருளா என்று சொல்லிவிட்டுத்தான் முடிகிறது. ‘விளக்குகிறார்’ என்றால் ஓர் ஆள். ‘விளக்குகிறது’ என்றால் ஆள் இல்லை. இந்தியில் இதைச் செய்ய முடியாது. அங்கே ஆண்பால், பெண்பால் இரண்டே உண்டு, திரையில் தெரியும் பெண்முகத்துக்குப் பெண்பால் வினைதான் போட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய செயற்கை நுண்ணறிவுச் சட்டம், இப்படி ஆக்கப்பட்ட உருவங்கள் அசல் அல்ல என்று பார்ப்பவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அதற்கு அவர்கள் ஒட்டுச்சீட்டுப் போல ஓர் அறிவிப்பை ஒட்ட வேண்டும். நமக்கோ பெயர்ச்சொல் சரியாக அமைந்தால் ஒவ்வொரு வாக்கியமும் அந்த அறிவிப்பைத் தானே தந்துவிடுகிறது. ஆகவே என் முதல் நிபந்தனை, சொல் அஃறிணையாக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மனித முகத்தை ‘அது’ என்பது மரியாதைக் குறைவு என்று ஒருவர் எழுதியிருந்தார். குழந்தை சிரிக்கிறது என்கிறோம், தெய்வம் பேசுகிறது என்கிறோம். அஃறிணை முடிபு தமிழில் இகழ்ச்சி ஆகாது.

‘அவதாரம்’ நம் ஊர்ச் சொல்தானே, அதையே வைத்துக்கொள்ளலாம் என்று மூன்று பேர் சொன்னீர்கள். இறங்கி வருதல் என்பது அதன் பொருள். வைணவத்தில் அவதாரம் என்பது இறைவனே வந்து நிற்பது. வேடம் போட்ட வேறொருவர் வருவது ஆகாது. 1980-களில் லூகாஸ்ஃபிலிம் உருவாக்கிய ஹாபிடாட் விளையாட்டில் திரையுருவுக்கு இந்தப் பெயரை வைத்தபோதுகூட அது ஓரளவு பொருந்தியது, ஏனென்றால் அந்த உருவுக்குப் பின்னால் விசைப்பலகையோடு ஓர் ஆள் இருந்தார். இப்போதைய ஏஐ அவதாருக்குள் யாரும் இறங்கி வரவில்லை, பின்னாலும் யாரும் இல்லை. பழைய பொருளிலும் சேரவில்லை, கணினிப் பொருளிலும் சேரவில்லை.

‘போலியுரு’ வேண்டாம். இலக்கணத்தில் போலி என்பது குற்றமற்ற சொல். அறம் அறன் என்று வருவதைக் கடைப்போலி என்று பள்ளியில் படித்தோம். ஆனால் தெருவில் போலி என்றால் போலி டாக்டர்தான். தீத்தடுப்பு சொல்லித்தரும் காணொளியை அந்தப் பெயரோடு தொடங்கினால் சொல்லும் செய்தியையே நம்ப மாட்டார்கள்.

‘பாவை’யிடம்தான் நான் நீண்ட நேரம் நின்றேன். தோல்பாவைக்கூத்து வாழ்ந்த மொழிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எது? வள்ளுவர் இரண்டு இடங்களில் நம் பிரச்சினைக்கு மிக அருகில் வருகிறார். ‘நுண்மாண் நுழைபுலம் இல்லான் எழில்நலம் மண்மாண் புனைபாவை யற்று’ என்கிறார். உள்ளே நுண்ணறிவு இல்லாத அழகு, மண்ணால் புனைந்த பாவையின் அழகு. இன்னோரிடத்தில், நாணமில்லாதவர் நடமாட்டம் ‘மரப்பாவை நாணால் உயிர்மருட்டி யற்று’ என்கிறார். கயிற்றால் ஆட்டி, உயிர் இருப்பதாக மயங்கவைப்பது. உயிர்மருட்டல்! அந்த அம்மாவுக்கு நடந்ததற்குச் சரியான பெயர் இதுதான்.

ஆனாலும் மதுரை அக்கா எழுதிய மறுப்பு என்னைத் திருப்பிவிட்டது. பாவை என்றால் இன்றைய காதுக்குப் பெண். ஏற்கெனவே கம்பெனிகள் பட்டியலைத் திறந்ததும் இளம்பெண் முகத்தைத்தான் தேர்ந்தெடுக்கின்றன. அதற்குப் பாவை என்று பெயரும் வைத்தால், பாய்லர் அழுத்தம் பற்றிப் பேசும் இடத்தில்கூடக் கண் அவள் அழகுக்குத்தான் போகும் என்றார் அவர். மறுக்க முடியவில்லை.

எனவே வள்ளுவரின் ‘புனைபாவை’யில் பாவையை விட்டுவிட்டுப் புனையை மட்டும் எடுத்துக்கொண்டேன். புனையுரு. புனைபெயர், புனைகதை இரண்டும் எல்லோருக்கும் தெரியும். புனைபெயரில் எழுதுபவரை ஏமாற்றுக்காரர் என்று யாரும் சொல்வதில்லை. அது அசல் பெயர் இல்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். இந்த இரண்டும் சேர்ந்த நிலைதான் நமக்கு வேண்டும். கூட்டுச்சொற்களும் தடையின்றி வருகின்றன: புனையுருக் காணொளி, புனையுருப் பயிற்சி. ஒருவர் குரலைப் பயிற்றி ஆக்கும் குரலுக்குப் புனைகுரல். இதை நானே நாலைந்து பேரிடம் விளக்கம் தராமல் சொல்லிப் பார்த்தேன். ‘இது புனைகுரலுங்க’ என்றதும் ‘அப்ப நெசக் குரல் இல்லையா?’ என்று கேட்டார்கள்.

கூடவே இன்னொரு சொல். பேச்சொலியை எண்ணும் அலகுக்கு ஒலியன் என்று பெயர் இருப்பதுபோல், ஒலிக்கும்போது கண்ணுக்குத் தெரியும் வாய்வடிவை எண்ணும் அலகுக்கு ஆங்கிலத்தில் விசீம் என்று பெயர். ‘காட்சியொலியன்’ என்று ஒருவர் எழுதியிருந்தார், கனமாக இருக்கிறது. எழுத்தொலிகள் வாயில் பிறக்கும் விதத்தைச் சொல்லும் தொல்காப்பியப் பிறப்பியலில் நல்ல சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அ, ஆ இரண்டும் ‘அங்காந்து இயலும்’, அதாவது வாய் திறந்து பிறக்கும். உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்தும் ‘இதழ் குவிந்து இயலும்’. ‘இதழ் இயைந்து பிறக்கும் பகார மகாரம்’. ‘பல்லிதழ் இயைய வகாரம் பிறக்கும்’. பகரத்துக்கும் மகரத்துக்கும் இதழ் ஒரே மாதிரி மூடுகிறது, சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தால் பிரித்தறிய முடியாது என்று இன்று உதடு படிக்கும் ஆய்வில் சொல்வதும் இதே வகைப்பாடுதான். ஆகவே விசீமுக்கு ‘இதழ்நிலை’, பேச்சுக்கு வாயசைவைப் பொருத்தும் லிப் சிங்க்குக்கு ‘இதழியைபு’ என்று முன்வைக்கிறேன்.

இதழ் இயைந்தாலும் ஒலி இயையாது என்பதற்கு ஓர் அனுபவம். ‘கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள்’ என்று எழுதியிருந்தேன். நம் எழுத்தில் ககரம் ஒன்றுதான். அந்தப் புனைகுரல் வழக்கு என்ற பொருள் தரும் ‘கேஸ்’ ஆகவே படித்தது. “என்ன கேஸுங்க?” என்று கேட்டார்கள். அன்றிலிருந்து ‘சிலிண்டர் வாடை’ என்று எழுதுகிறேன். மனிதர் படித்திருந்தால் அந்த வாக்கியத்தைப் பார்த்ததும் எது என்று புரிந்துகொண்டிருப்பார்.

உங்கள் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
திருப்பூரிலிருந்து

———

தம்பிக்கு வணக்கம்.

திணை பற்றிய உங்கள் வாதத்தை முழுதும் ஏற்கிறேன். முப்பது ஆண்டு வகுப்பறையில் நின்றவன், ‘-ஆளர்’ இவ்வளவு வேலை செய்யும் என்று யோசித்ததில்லை. இரண்டு ஐயங்கள்.

ஒன்று, புனையுரு வாயில் எளிதாக வருமா? சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி தந்த ‘இணையம்’ நிலைத்ததற்கு அது நாலெழுத்தில் நாவில் உருண்டதும் ஒரு காரணம். பேருந்து நின்றது, மகிழுந்து மேடையோடு தங்கிவிட்டது. ‘பேசுரு’ என்றால் இன்னும் சுருக்கமாக இருக்குமே.

இரண்டாவது, முகம் முழுக்கப் புனைவாக இல்லாமல் உண்மையான ஒருவருடையதாக இருந்தால்? இலண்டனில் 2017-இல் தொடங்கிய சிந்தீசியா போன்ற ஏஐ காணொளி நிறுவனங்கள் வைத்திருக்கும் முகங்களே நடிகர்களைப் படம்பிடித்து ஆக்கியவைதானே. கம்பெனி முதலாளியே தன் முகத்தைப் படியெடுத்து வைத்துக்கொண்டு எல்லாக் கிளைக்கும் பேசினால் அதையும் புனையுரு என்பீர்களா? அவர் முகம் அசல், சொல்லும் அவருடையது.

நாகர்கோவிலிலிருந்து

———

ஐயா, வணக்கம்.

‘பேசுரு’ எனக்கும் பிடித்தது, திணையும் சரி. ஆனால் அது பேசும் என்பதை மட்டுமே சொல்கிறது. கிளியும் பேசும், வானொலியும் பேசும். ஆக்கப்பட்டது என்ற செய்தி ‘புனை’யில்தான் இருக்கிறது, அதை இழக்க மனமில்லை. வாயில் வராத நாட்களில் தொழிலாளர்கள் ‘பொம்மை வீடியோ’ என்றுதான் சொல்கிறார்கள். அது தன்போக்கில் இருக்கட்டும், பொம்மையும் அஃறிணைதான். ஆவணத்திலும் திரையிலும் எழுத நமக்கு ஒரு சொல் வேண்டும், அதற்குப் புனையுரு.

முதலாளியின் முகம் என்றால் ‘முதலாளியின் புனையுரு சொல்கிறது’ என்றே எழுதலாம். இந்த இடத்தில்தான் சொல் அதிகம் தேவைப்படுகிறது. ‘தீபாவளிக்கு முன் போனஸ் வந்துவிடும்’ என்று அந்த முகம் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் நேரில் நின்று சொன்னாரா, யாரோ தட்டச்சு செய்த வரியை அவர் முகம் சொல்லியதா என்பது கேட்பவருக்குத் தெரிய வேண்டும். ஆறாம் வேற்றுமை அதைத் தெளிவாக்கிவிடுகிறது. முகம் தந்த நடிகரை ‘உரு தந்தவர்’ என்று உயர்திணையிலேயே சொல்லலாம். சம்மதம் கேட்க வேண்டியதும் கூலி தர வேண்டியதும் அவருக்கு, புனையுருவுக்கு அல்ல. 2024 மே மாதம் தூர்தர்ஷனின் விவசாய அலைவரிசையான டிடி கிசான், கிரிஷ், பூமி என்று இரண்டு ஏஐ உருவங்களை அறிமுகப்படுத்தியது. அவற்றைப் பற்றித் தமிழில் எழுதும்போதும் ‘பூமி என்ற புனையுரு வானிலை சொல்கிறது’ என்று எழுதிப் பாருங்கள். பெயர் மனிதப் பெயர்போல் இருந்தாலும் வினைமுற்று தடம் மாறுவதில்லை.

கண் கழுவும் குழாயைப் பற்றி மறுநாளே சொன்னேன், சரிசெய்துவிட்டார்கள். புதிய காணொளிக்கு முதல் திரையில் இப்படி எழுதியிருக்கிறேன்:

‘இதில் பேசுவது ஒரு புனையுரு. இது ஆள் இல்லை. நீங்கள் சொல்வது இதற்குக் கேட்காது. சந்தேகம், குறை எதுவானாலும் கீழே பெயரும் போன் எண்ணும் உள்ளவரிடம் நேரில் சொல்லுங்கள்.’

‘ஆள் இல்லை’ என்பதா, ‘மனிதர் அல்ல’ என்பதா என்று எனக்கு முடிவாகவில்லை. இரண்டாவது இலக்கணப்படி சரி, முதலாவது அவர்கள் பேச்சு. வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும், அதற்குள் ஒரு வரி எழுதுங்கள் ஐயா.

அன்புடன்,
திருப்பூரிலிருந்து